ஈவ் கோளிலிருந்து ராக்கெட்டை மேலேற்றுவது எப்படி?

கேள்வி: கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் என்ற கணினி ஆட்டத்தில் ஈவ் கோளில், கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளியில் இறங்கிவிட்டேன். ராக்கெட் கட்டும்போது டெல்டா-வி (எரிபொருள் தீரும்வரை ராக்கெட் தன் வேகத்தில் செய்யக்கூடிய மொத்த மாற்றம்) 8,600 மீ/வி என்று காட்டியது. ஆனால் கிளம்பினால் பத்து கிலோமீட்டர் ஏறுவதற்குள் எரிபொருள் பாதி தீர்ந்துவிடுகிறது. டேங்கைப் பெரிதாக்குவதா, எஞ்சினைக் கூட்டுவதா?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முதலில் அந்த 8,600 என்ற எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அது வெற்றிடத்துக்கான கணக்காக இருக்க வாய்ப்பு அதிகம். கட்டுமானத் திரையில் உள்ள டெல்டா-வி கருவியில் கோளாக ஈவையும் உயரமாகக் கடல்மட்டத்தையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கீழ் ஸ்டேஜின் (முதலில் எரிந்து கழன்று விழும் அடுக்கின்) எண் மளமளவெனச் சரியும். உங்கள் ராக்கெட் உண்மையில் எங்கே தோற்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஈவின் ஈர்ப்பு, ஆட்டத்தில் நம் பூமிக்கு இணையான தாய்க்கோளான கெர்பினைப் போல 1.7 மடங்கு. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய எதிரி காற்றழுத்தம். கடல்மட்டத்தில் அது 5 வளிமண்டல அழுத்தம், அதாவது நம் கடலில் 40 மீட்டர் ஆழத்தில் இருப்பது. எஞ்சின் வாயில் வெளியேறும் வாயுவை இவ்வளவு அழுத்தம் எதிர்த்துத் தள்ளுகிறது. எரிபொருள் அதே வேகத்தில் செலவாகும், உந்துவிசை மட்டும் குறையும். வாய் அகலமான எஞ்சினுக்கு இழப்பு மிக அதிகம். அதனால் விண்வெளியில் அருமையாக உழைக்கும் டெரியர், பூடில், நெர்வ் ஆகிய எஞ்சின்கள் எல்லாம் ஈவின் தரையில் வெறும் சுமை.

கீழ் ஸ்டேஜுக்கு என் தேர்வு இரண்டுதான்: வெக்டர், டார்ட். வெக்டரின் ஐ.எஸ்.பி. (எரிபொருளை எஞ்சின் எவ்வளவு சிக்கனமாக உந்துவிசையாக்குகிறது என்ற அளவு, நொடியில்) வெற்றிடத்தில் 315, ஈவின் கடல்மட்டத்தில் ஏறக்குறைய 190. ஏரோஸ்பைக் வகையான (வெளி அழுத்தம் மாறினாலும் திறன் அதிகம் குறையாத வடிவம்) டார்ட் 340-லிருந்து 230-க்குத்தான் இறங்கும். அப்படியானால் முழுக்க டார்ட்டே வைத்துவிடலாமே என்று தோன்றும். எடைக்கு எடை பார்த்தால் வெக்டர்தான் அதிகம் தள்ளும். மேலும், டார்ட்டின் வாய் திரும்பாது. ராக்கெட் சாய்ந்தால் நிமிர்த்த அதனால் முடியாது. நடுத்தண்டில் ஒரு வெக்டர், சுற்றிலும் டார்ட்கள் என்ற கலவையையே நான் விரும்புகிறேன்.

கிளம்பும்போது உந்துவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம், ஈவின் ஈர்ப்பிலும் ஈவின் அழுத்தத்திலும், 1.4 முதல் 1.6 வரை இருக்கட்டும். அதற்கு மேல் போனால் அடர்ந்த காற்றோடு மல்லுக்கட்டியே எரிபொருள் போய்விடும்.

கடல்மட்டத்திலிருந்து சுற்றுப்பாதைக்கு ஏறச் சுமார் 8,000 மீ/வி வேண்டும். 100 கி.மீ. உயரத்தில் சுற்றத் தேவையான வேகம் 3,200 மீ/வி மட்டுமே. மிச்சத்தில் பெரும்பகுதி ஈர்ப்போடும் காற்றோடும் போராடுவதில் கரைகிறது. (11,000, 12,000 என்று சொல்லும் பழைய குறிப்புகளை நம்பி ராக்கெட்டை ஊதிவிடாதீர்கள். அவை 2015-இல் வந்த 1.0 பதிப்பில் காற்றியல் கணக்கு மாறுவதற்கு முந்தையவை.)

இப்போது டேங்க் விஷயம். ஆட்டத்தில் திரவ எரிபொருள் டேங்க் நிரம்பியிருந்தால் உள்ள எடை, காலியான டேங்கின் எடையைப் போல 9 மடங்கு. சராசரி ஐ.எஸ்.பி. 320 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எஞ்சினும் சுமையும் இல்லாத வெறும் டேங்கே பறந்தாலும் 6,900 மீ/வி-யைத் தாண்டாது. ஒரே ஸ்டேஜில் டேங்கை எவ்வளவு நீட்டினாலும் இந்தச் சுவரில்தான் முட்டுவீர்கள். காலியான டேங்குகளைக் கழற்றிவிட்டுக்கொண்டே ஏற வேண்டும். பக்க டேங்குகளை எரிபொருள் குழாயால் இணைத்து, எல்லா எஞ்சினையும் ஒன்றாக எரித்து, தீர்ந்த ஜோடியை உதறும் ஆஸ்பரகஸ் முறை இங்கே நன்றாகப் பொருந்தும். ஆனால் ஆசைப்பட்டு அகலமாக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு பக்க டேங்கின் தலையிலும் கூம்பு மூடி இருக்கட்டும்.

நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் உச்சி. உச்சியில் ஒரு டன் குறைந்தால் தரையில் ராக்கெட் எவ்வளவு இளைக்கும் என்று மூன்று ஸ்டேஜ் வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால் 50 டன் அளவுக்கு வருகிறது. ஒருவர் உட்காரும் எம்கே1 அறையின் எடை 0.8 டன் போல. அதற்குப் பதில் ஃபேரிங்குக்குள் (காற்றைத் தடுக்கும் கழற்றக்கூடிய உறைக்குள்) 0.05 டன் எடையுள்ள திறந்த இருக்கை போதும். திரும்பிவரும் எரிபொருள், அறிவியல் கருவிகள், டாக்கிங் போர்ட் (இரு கலங்களை இணைக்கும் வாய்) எதுவும் இதில் வேண்டாம். தாய்க்கலம் சுற்றுப்பாதையில் காத்திருக்கட்டும். ஆய்வுத் தரவை மட்டும் கெர்பல் (ஆட்டத்தின் விண்வெளி வீரர்) கையோடு எடுத்துப் போகட்டும். பாராசூட், வெப்பக் கவசம், கால்கள், ஏணி எல்லாவற்றையும் டீகப்ளரில் (பாகங்களைக் கழற்றிவிடும் இணைப்பில்) பொருத்தி, கிளம்பும் நொடியில் தரையிலேயே விட்டுவிடுங்கள்.

இறங்கும் இடத்தை மாற்றினால் பாதிப் பாரம் குறையும். ஈவில் 7 கிலோமீட்டரைத் தாண்டிய மலைகள் உண்டு. அங்கே அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. ஏற்கெனவே கீழே மாட்டிக்கொண்ட உங்கள் கெர்பலுக்கு ஒரு ரோவர் அனுப்பி மலைக்கு வரவழையுங்கள். உணவு, ஆக்சிஜன் கணக்கு அடிப்படை ஆட்டத்தில் இல்லை, அவர் பொறுமையாகக் காத்திருப்பார்.

பறக்கும் விதம் பற்றிச் சுருக்கமாக. கெர்பினில் செய்வதுபோல் உடனே சாய்க்காதீர்கள். சுமார் 15 கி.மீ. வரை நேரே ஏறி, பிறகு மெல்லச் சாய்த்து, 50 கி.மீ.க்கு மேல் ஏறக்குறையக் கிடைமட்டத்துக்கு வாருங்கள். கிழக்கு நோக்கிப் போவதால் கிடைக்கும் சலுகையும் சொற்பம்: ஈவின் நடுக்கோட்டுச் சுழற்சி வேகம் வெறும் 55 மீ/வி, கெர்பினில் 175.

அனுப்புவதற்கு முன், தனியாக ஒரு சாண்ட்பாக்ஸ் (எல்லாப் பாகங்களும் தடையின்றிக் கிடைக்கும்) ஆட்டத்தில் ஆல்ட் + எஃப்12 பட்டியல் வழியாக ராக்கெட்டை நேரே ஈவின் தரையில் வைத்து ஏற்றிப் பாருங்கள். பயணக் காலம் முழுக்க மிச்சம். கடைசி ஸ்டேஜ் 90 கி.மீ. வளிமண்டல எல்லையைத் தாண்டி, சுற்றுப்பாதைக்குச் சில நூறு மீ/வி மட்டும் குறைந்தால் கைவிட வேண்டாம். உச்சப்புள்ளியை நெருங்கும்போது கெர்பலை இருக்கையிலிருந்து இறக்கி, அவர் முதுகில் உள்ள ஜெட்பேக்கால் தள்ளுங்கள். அதில் சுமார் 600 மீ/வி இருக்கிறது.