கம்ப்ரஸருக்கு 48,000 ரூபாய் போடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பாபநாசம் பக்கம் கிராமம். தனியார் நிறுவனத்தில் கணக்கர் வேலை, கைக்கு 32,000 வருகிறது. ஆறு மா, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர், நஞ்சை உண்டு, சம்பா மட்டும் போடுகிறோம். அப்பா விட்டுப்போன 2006 மாருதி 800-ஐ நானேதான் பிரித்து மேய்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சித்தப்பாவின் ஆம்னியும் நண்பர்களின் கார்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். பழைய மாட்டுக்கொட்டகைதான் என் பட்டறை, மண் தரை. இப்போது ஏர் டூல்ஸ், அதாவது காற்றழுத்தத்தில் ஓடும் கருவிகள், வாங்க ஆசை. 3 ஹெச்.பி. 100 லிட்டர் கம்ப்ரஸர் 29,000, நட்டு கழற்றும் இம்பேக்ட் கன் 6,500, நட்டு திருகும் ஏர் ராட்செட் 3,000, தேய்க்கும் சாண்டர் 3,500, ஸ்ப்ரே கன் 2,000, ஹோஸ் வகையறா 4,000, ஆக 48,000. கடையில் வட்டியில்லாத் தவணை, மாதம் 4,000 வீதம் 12 மாதம். ரொக்கமாகக் கொடுத்தால் 3,000 குறைப்பார்களாம். அதே கடையில் 2 ஹெச்.பி. 50 லிட்டர் 17,000-க்கு இருக்கிறது. மூடிப்போன ஒரு பஞ்சர் கடையின் பழைய கம்ப்ரஸரும் 9,000-க்கு வருகிறது. மெக்கானிக் செலவு மாதம் 1,500 மிச்சமாவதால் போட்ட பணம் மூன்று வருடத்தில் திரும்பிவிடும் என்பது என் கணக்கு. வயலில் மோட்டார் கொட்டகைக்கு மூன்று பேஸ் இலவச மின்சாரம் இருக்கிறது, கம்ப்ரஸரை அங்கேயே வைத்துவிடலாமா? சேமிப்பு 70,000. வங்கியில் நகைக்கடன் 60,000, வட்டி 9.5%. உங்களிடம் கேட்டுவிட்டு வாங்கச் சொன்னது என் மனைவி.

பதில்: தம்பி, உங்கள் கணக்கில் கூட்டல் சரி, தலைப்புதான் தப்பு. அந்த 1,500 ரூபாய் இப்போதே மிச்சமாகிக்கொண்டுதான் இருக்கிறது. ரிங் ஸ்பேனரையும் டாமி பாரையும் வைத்து வேலையை நீங்களே செய்வதால் வருகிற மிச்சம் அது. கன் வந்தாலும் அதே பிரேக் ஷூவைத்தான் மாற்றப்போகிறீர்கள், கொஞ்சம் வேகமாக, தோள் வலிக்காமல். ஆகவே இந்தச் செலவு திரும்பி வராது. ஆசைக்குச் செய்யும் செலவு என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை, நானும் அந்த ஆசை பிடித்தவன்தான். ஆனால் ஆசைச் செலவைக் கடனில் செய்வதில்லை என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு.

கடையின் தவணையைப் பார்ப்போம். ரொக்கமாகக் கொடுத்தால் 45,000, தவணையில் 48,000. அந்த 3,000 வட்டிதான், வேறு பெயரில் வருகிறது. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போவதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 12% ஆகிறது. செயலாக்கக் கட்டணம் என்று 500 ரூபாயும் அதன்மேல் 18% ஜி.எஸ்.டி.யும் பிடித்தால் 14.5%-ஐத் தொடும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 9.5% வட்டிக்கு வீட்டு நகை வங்கியில் இருக்கும்போது 14.5%-க்கு இன்னொரு கடன் வாங்கினால், உங்கள் மனைவி கேட்கப்போகும் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது.

இனி பட்டியலுக்கு வருகிறேன். கன்னின் விலையைப் பார்த்து ஏர் டூல்ஸ் மலிவு என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் காசு கொடுத்து வாங்குவது காற்றைத்தான். எந்தக் கருவி அதிகமாகக் காற்றைக் குடிக்கிறதோ, அதுதான் கம்ப்ரஸரின் விலையைத் தீர்மானிக்கும். குடிக்கும் அளவை நிமிடத்துக்கு எத்தனை கன அடி, அதாவது சி.எஃப்.எம்., என்று சொல்வார்கள். அரை இஞ்ச் இம்பேக்ட் கன்னுக்குச் சராசரி 4, 5 போதும், விட்டுவிட்டுத்தானே அழுத்துகிறோம். ராட்செட்டுக்கும் அதே அளவு. சாண்டர் அப்படியில்லை, அழுத்திய கையை எடுக்காமல் தேய்க்க வேண்டும், 8 முதல் 12 வரை கேட்கும். உங்களை 2 ஹெச்.பி.யிலிருந்து 3 ஹெச்.பி.க்குத் தள்ளியது அந்த 3,500 ரூபாய் சாண்டரும் கூடவே வந்த ஸ்ப்ரே கன்னும்தான். மாருதி 800-க்கு எத்தனை முறை பெயின்ட் அடிப்பீர்கள்? வாழ்நாளில் ஒரு முறை. அதைக் கும்பகோணத்தில் ஒரு பெயின்டரிடம் விட்டுவிடுங்கள். இந்த இரண்டையும் அடித்தால் கருவிகளில் 5,500, கம்ப்ரஸரில் 12,000 குறைகிறது.

பெட்டிமேல் அச்சடித்த சி.எஃப்.எம்.மை அப்படியே நம்பாதீர்கள். பல பெட்டிகளில் பிஸ்டன் உள்ளே இழுக்கும் அளவைத்தான் போடுவார்கள். வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். 'எஃப்.ஏ.டி. எவ்வளவு, எந்த அழுத்தத்தில்?' என்று கேளுங்கள், உண்மையில் வெளியே வரும் காற்றின் அளவுக்குப் பெயர் அது. 90 பி.எஸ்.ஐ.யில் 5, 6 கிடைத்தால் உங்கள் வேலைக்குப் போதும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத கடையில் வாங்கவும் வேண்டாம்.

50 லிட்டர் டேங்க் போதுமா என்று தோன்றும். டேங்கின் அழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு (ஏறக்குறைய 90 பி.எஸ்.ஐ.) இறங்கும்வரை அதிலிருந்து 100 லிட்டர் காற்று, அதாவது மூன்றரைக் கன அடி, வெளியே வரும். கன்னை விடாமல் அழுத்தினால் நிமிடத்துக்கு 20 கன அடி அளவில் போகும். ஆக மொத்தம் பத்து விநாடி. ஒரு வீல் நட்டு கழல இரண்டு, மூன்று விநாடி பிடிக்கும். உங்கள் வண்டிக்குச் சக்கரத்துக்கு நாலு நட்டு. ஒரு சக்கரம் முடிந்ததும் கம்ப்ரஸர் டடடடவென்று ஓடும், நீங்கள் அடுத்த சக்கரத்துக்கு ஜாக்கியை நகர்த்துவதற்குள் நிரம்பிவிடும். பஞ்சர் கடைக்கு இது போதாது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக் கச்சிதம்.

மலிவாக வாங்க வேண்டுமென்றால் கன்னை மலிவாக வாங்குங்கள், அதில் அதிகம் கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் நாலு சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டால் பல வருடம் ஓடும். கம்ப்ரஸரில் சிக்கனம் பார்க்காதீர்கள். பெல்ட் வைத்த, ஆயில் ஊற்றுகிற, இரும்பு ஹெட் உள்ள வகையைப் பாருங்கள். ஹோஸ் 10 மில்லிமீட்டர் இருக்கட்டும், மெல்லிய ஸ்பிரிங் ஹோஸில் அழுத்தம் விழுந்துவிடும். கன்னின் முனையில் மாட்டி நட்டைப் பிடிக்கும் பாக்ஸ் மட்டும் கறுப்பு இம்பேக்ட் பாக்ஸாக இருக்க வேண்டும். பளபளக்கும் சாதாரண பாக்ஸ் கன்னில் தெறித்துக் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிச் செலவைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கன்னைக் கழற்ற மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் காரின் வீல் நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் இறுக்கம்கூடத் தேவையில்லை, சுமாரான கன்னே அதைப்போலப் பல மடங்கு திருகும், நட்டு ஏறும் ஸ்டட் அறுந்துவிடும். இறுக்குவதற்கு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். உங்கள் பட்டியலில் அது இல்லை. தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டும் இல்லை! மண் தரையில், நம் ஊர்க் களிமண்ணில், ஐப்பசி மழைக்குப் பிறகு ஜாக்கி எப்படிப் புதையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்ரஸருக்கு முன்னால் கார் நிற்கும் இடத்துக்காவது கொத்தனாரைக் கூப்பிட்டு கான்கிரீட் போடுங்கள். நான் பணம் போடச் சொல்லும் முதல் இடம் அதுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் 'பதினேழு உருப்படி செட்' ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கினேன். பயன்பட்டவை இரண்டே, கன்னும் ஊதுகுழலும். மற்றதெல்லாம் ஒரே வடகிழக்குப் பருவமழையில் பெட்டிக்குள்ளேயே துருப்பிடித்துப் பூத்தது. அடைமழைக் காற்றில் அவ்வளவு ஈரம். 2 ஹெச்.பி. கம்ப்ரஸர் அந்தக் காற்றை ஒரு மணி நேரம் இழுத்தால், டேங்க் ஆறியதும் அடியில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். வேலை முடிந்ததும் கீழே உள்ள குழாயைத் திறந்து வடியுங்கள். லைனில் ஒரு ஃபில்டரும் வையுங்கள்.

மோட்டார் கொட்டகை யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பில் கம்ப்ரஸர் ஓட்டுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வரும். உரிய கட்டணத்தைப் போல இருமடங்கு போடுவார்கள். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடலாம். இத்தனையும் எதற்காக? வீட்டு இணைப்பில் ஓட்டினால் 2 ஹெச்.பி. மோட்டார் மணிக்கு ஒன்றரை யூனிட்தான். ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 12, 13 யூனிட். கணக்கெடுப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள், நீங்கள் 490-இல் நிற்கிற வீடு என்றால் உறைக்கும். தனி எம்.சி.பி. (சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக், நல்ல எர்த் போடுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் ஸ்டார்ட் செய்து கபாசிட்டரைச் சுடாதீர்கள். நண்பர்களிடம் கூலி வாங்க ஆரம்பித்தால் அது தொழில். அப்போது வீட்டுக் கட்டணம் செல்லாது. நீங்கள் பிரேக் பார்த்த வண்டி போய் எங்கேயாவது மோதினால் பழியும் உங்களைத்தான் தேடி வரும்.

இப்போது பணம். 70,000 என்பது உங்கள் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். கஜா அடித்த 2018 நவம்பரில், அக்கம்பக்கத்தில் ஓடு பறந்த வீடுகளுக்கு முதலில் உதவியது கையிலிருந்த ரொக்கம்தான், நிவாரணம் பிறகுதான் வந்தது. அதனால் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். தையில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் கணக்கில் ஏறியதும் நகைக்கடனைக் கட்டுங்கள். முழுதும் முடியாவிட்டால் முடிந்தவரை அசலில் போடுங்கள், ஆண்டுக்கு 5,700 வட்டி போகிறது. தவணைக்கு மாதம் 4,000 ஒதுக்க முடியும் என்றீர்கள் அல்லவா, அதை இந்த ஐப்பசியிலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். பங்குனி முடிவில் 24,000 இருக்கும். தரை, ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் செலவு போனால் மீதி குறையும், ஆகவே கம்ப்ரஸர் ஆடி வரைக்கும் தள்ளலாம், தப்பில்லை. அப்போது 17,000 கம்ப்ரஸரையும் கன்னையும் ரொக்கமாக வாங்குங்கள், பேரம் பேசுங்கள். ராட்செட் அதற்கும் அடுத்த வருடம்.

கடைசியாக அந்த 9,000 ரூபாய் பஞ்சர் கடைக் கம்ப்ரஸர். போய்ப் பாருங்கள், பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். காற்று முழுதும் இறங்கிய பிறகு அடிக் குழாயைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். டீ நிறத்தில் தண்ணீரும் கூடவே செதில் செதிலாகத் துருவும் விழுந்தால் டேங்க் உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது, என்றைக்கு வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டேங்கில் எங்கேயாவது வெல்டிங் ஒட்டு தெரிந்தாலும் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். மோட்டாரும் ஹெட்டும் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மட்டும் ஒரு விலை சொல்லிப் பாருங்கள். டேங்கைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.