இண்டியானா ஜோன்ஸ் நம்பாதவனா, மறந்தவனா?
ஹாலிவுட் படங்களின் தொல்லியலாளர் நாயகன் இவன். கதைப்படி 1935-இல் மந்திரசக்தி கொண்ட சங்கரா கல் ஒளிர்வதைக் கண்ணால் பார்த்தவன், 1936-இல் பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்ததாக பைபிள் சொல்லும் உடன்படிக்கைப் பெட்டியின் சக்தியை மூடநம்பிக்கை என்று எப்படிச் சிரிக்கிறான், இந்த முரணால் அவனைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரை நகரவில்லை என்கிறீர்கள். முடிச்சு பாத்திரத்தில் இல்லை நண்பரே, படங்கள் வந்த வரிசையில் இருக்கிறது. பெட்டிப் படம் (Raiders of the Lost Ark) வந்தது 1981-இல். கல் படம் (Temple of Doom) 1984-இல் வந்து, கதைக்காலத்தில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அவன் நம்புகிறானா என்று பார்க்க 1989 படத்தைப் (The Last Crusade) பிடியுங்கள். குண்டடிபட்ட அப்பாவைக் காப்பாற்ற, பாலமே தெரியாத பள்ளத்தில் நெஞ்சில் கைவைத்துக் காலை நீட்டுகிறான். தள்ளியது பக்தியா, பாசமா? என்னைக் கேட்டால் பாசம்தான். கடந்த பிறகு திரும்பி, மண்ணை அள்ளிப் பாலத்தின் மேல் வீசுகிறான் பாருங்கள், அப்போதும் தொல்லியல் புத்தி அவனை விடவில்லை.