காதுக்கு அடுத்து கண்ணா?

வணக்கம்.

உங்களுக்குக் காது இரைச்சல் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன். எனக்கு வயது 31, பள்ளியில் கணக்கு ஆசிரியை. சென்ற வருடம் ஒரு காய்ச்சலுக்குப் பின் இரண்டு காதிலும் ‘ஙீ’ என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. டின்னிடஸ் என்றார்கள். மாதக்கணக்கில் தூங்காமல் அழுது, ஒருவழியாக அதோடு வாழப் பழகினேன். மூன்று வாரம் முன்பு வகுப்பில் வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பலகை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் நெளிவது தெரிந்தது. கண்ணைக் கழுவிப் பார்த்தும் போகவில்லை. அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும், கண்ணை மூடினால்கூட, சிக்னல் இல்லாத பழைய டிவிபோலப் புள்ளிகள். விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதன் உருவம் சுவரில் நிற்கிறது. வானத்தைப் பார்த்தால் பூச்சி பறக்கிறது. இருட்டில் இன்னும் மோசம். கண் பரிசோதனைக்குப் போனேன். எழுத்துகளைப் படிக்கவைத்து, “பவர் மாறவில்லை, டென்ஷனைக் குறையுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் இணையத்தில் தேடுகிறேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சுவரைப் பார்த்து, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சோதிக்கிறேன். முதலில் காது, இப்போது கண், அடுத்தது என்ன? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? இரவில் ஸ்கூட்டர் ஓட்டலாமா என்றுகூடத் தெரியவில்லை.

பி.

அன்புள்ள பி.,

பைத்தியம் பிடிக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இதற்குள் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதையும் நம்பாதீர்கள். நீங்கள் பார்ப்பது கற்பனை இல்லை, நீங்கள் எழுதிய அதே வார்த்தைகளில் இதைச் சொன்னவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல, நீண்ட நாள் காது இரைச்சல்காரன். அந்த வகையில் படித்ததையும் பட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். உங்களுக்கு இன்னும் கண் பரிசோதனை நடக்கவில்லை. எழுத்துகளைப் படிக்கவைப்பது கண்ணாடி போடுவதற்கான சோதனை. கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரியவைத்து, விழித்திரையையும் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தையும் கண் மருத்துவர் நேரடியாகப் பார்க்க வேண்டும். பார்வைப் புலத்தையும், அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதையும், அளக்க வேண்டும். காது, கண் இரண்டும் சேர்ந்து தொந்தரவு செய்யும்போது இதைத் தள்ளிப்போடவே கூடாது. இந்த வாரமே போங்கள். உள்ளே நுழைந்ததும் “எனக்குக் காது இரைச்சலும் இருக்கிறது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் காதைப் பற்றி என்ன பேசுவது என்று பலரும் விழுங்கிவிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மண்டைக்குள் நீரின் அழுத்தம் கூடும் ஒரு நோய் உண்டு. குழந்தைபெறும் வயதுப் பெண்களிடம், அதிலும் எடை கூடியவர்களிடம், அதிகம் காணப்படுவது. அதில் வரும் காது இரைச்சல் பெரும்பாலும் ‘ஙீ’ என்று நீளாது, ‘புஸ், புஸ்’ என்று விட்டுவிட்டு வரும். மணிக்கட்டில் விரலை வைத்துப் பாருங்கள். நாடியும் சத்தமும் ஒன்றாகப் போகின்றனவா? குனிந்து நிமிரும்போது சில நொடிகள் பார்வை மங்கி மீள்கிறதா? படுத்தால் தலைவலி கூடுகிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் நாளைக்கே போங்கள். பார்வை நரம்பின் முனை வீங்கியிருப்பது பாப்பாவை விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். கவனித்தால் மாத்திரையும் எடைக் குறைப்புமே பலருக்குப் போதும். பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக், அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ ஆகியவையும் இதைத் தூண்டும். குயினைன் காதையும் கண்ணையும் ஒருசேரத் தாக்கும். ஆகவே சாப்பிடும் மருந்துகளை ஒன்றுவிடாமல் எழுதி எடுத்துப்போங்கள், வேறு ஏதாவது பழகியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தலைவலியும் காது இரைச்சலுமாகத் தொடங்கி இரண்டு கண்ணும் மங்கலாகும் வோக்ட்-கொயனாகி-ஹராடா என்றொரு அழற்சி நோயும் இருக்கிறது. அபூர்வம்தான். ஆனால் ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குப் பார்வை தப்பும். இதுவும் அதே பரிசோதனையில் பிடிபடும்.

திடீரென்று ஒரு கண்ணில் கரும்புள்ளிகள் கொட்டினாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, திரை இறங்குவதுபோல ஒரு பக்கம் மறைந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். விழித்திரை கிழிந்து பிரிவதன் அறிகுறியாக அது இருக்கலாம். பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கைகால் தளர்வது ஆகியவை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் கூகுளைத் திறக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் பார்த்து, கண்ணும் நரம்பும் சுத்தமாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதற்கே வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் நரம்பியல் மருத்துவர் ‘விஷுவல் ஸ்னோ’ என்ற பெயரைச் சொல்லக்கூடும். ஷான்கின், கோட்ஸ்பி முதலிய நரம்பியலாளர்கள் 2014இல்தான் இதைத் தனி நோய்க்குறியாக வரையறுத்தார்கள். பார்வை முழுக்க ஓயாத புள்ளிகள். அதோடு உருவம் தங்குவது, பூச்சி பறப்பது, வெளிச்சம் கூசுவது, இருட்டில் பார்வை குறைவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். புள்ளிகள் 3 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயரையே வைப்பார்கள், உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் இணையத்தைப் பார்த்து நீங்களே பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது என்ன என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது. விஷுவல் ஸ்னோ உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காது இரைச்சலும் உண்டு. காதைத் தின்றுவிட்டு நோய் கண்ணுக்கு ஏறியதாக இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டுக்கும் வேர் மூளையில் ஒரே மாதிரியான இடத்தில் இருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேண்டாத சைகைகளை வடிகட்டித் தள்ளுவது மூளையின் அன்றாட வேலை. அந்த வடிகட்டல் தளர்ந்தால், எப்போதும் உள்ளே இருந்த இரைச்சல் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது.

எப்போதும் உள்ளே இருந்தது என்று சும்மா சொல்லவில்லை. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்தார்கள். சில நிமிடங்களில் அவர்களில் 94 சதவீதத்தினர் ஏதோ சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். கண்ணிலும் அப்படித்தான். நீல வானத்தை உற்றுப் பார்த்தால் வெளிச்சப் பொட்டுகள் சரசரவென்று ஓடுவது எல்லோருக்கும் தெரியும். விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடும் வெள்ளையணுக்கள் அவை. தன் கண்ணுக்குள் ஓடும் ரத்தத்தைத் தானே பார்ப்பது! பறக்கும் பூச்சிகளும் கண்ணுக்குள் இருக்கும் கூழில் மிதக்கும் இழைகளின் நிழல்தான். மற்றவர்கள் இதையெல்லாம் தள்ளிவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள், உங்கள் மூளை இப்போதைக்குத் தள்ள மாட்டேன் என்கிறது.

இதை மைக்ரேனுக்கு முன் வரும் ஒளிக்கோலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பளபளக்கும் முறுக்குக் கோடாகத் தொடங்கி, மெல்லப் பரவி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். (கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தனக்கு வந்த ஒளிக்கோலத்தைக் காகிதத்தில் வரைந்து வரைந்து, அது மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்று 1941இல் கணக்கிட்டார். கணக்கு ஆசிரியைக்குப் பிடிக்கும் என்று சொல்கிறேன்.) உங்களுடையது ஓயாமல் இருப்பது.

மருந்து உண்டா? நிச்சயமான மருந்து இன்னும் இல்லை. லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரை சிலருக்கு ஓரளவு உதவியிருக்கிறது, நிறமேற்றிய கண்ணாடி சிலருக்கு இதம். ஆனால் இது பார்வையைப் பறிப்பதில்லை, பெரும்பாலோருக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவதுமில்லை. இதைத் தாள் எடுத்து எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அந்தச் சுவர் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் எழுந்ததும் செய்யும் சோதனையை, கண் மருத்துவர் பார்த்து முடித்த மறுநாளிலிருந்து நிறுத்துங்கள். காது இரைச்சல் வந்த புதிதில் நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மூச்சைப் பிடித்து, இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்போம். இருக்கும், கேட்கப் போனால் எப்படி இல்லாமல் போகும்? ஒவ்வொரு சோதனையும் இது முக்கியம், இதைக் கவனி என்று மூளைக்குக் கொடுக்கும் உத்தரவு. அபாயம் என்று முத்திரை விழுந்த எதையும் மூளை வடிகட்டாது. டென்ஷனைக் குறையுங்கள் என்று சொன்னவர் பாதி சரி. பதற்றத்தால் இது வந்தது என்று சொன்னால் அது அலட்சியம். பதற்றத்தால் இது பெரிதாகத் தெரிகிறது என்றால் உண்மை.

இரவில் எனக்கு உதவியது, இரைச்சலைவிடச் சற்றுக் குறைவான அளவில் ஒரு மழைச் சத்தம். இரைச்சலை முழுதாக மூடாமல், அதன் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும்படி. கண்ணுக்கும் அதையே செய்து பார்க்கலாம் என்பேன். வெற்றுச் சுவர், வெள்ளைத் திரை, கும்மிருட்டு ஆகிய மூன்றிலும்தான் புள்ளிகள் துள்ளும். திரையின் பின்னணியை மங்கல் நிறமாக்கி, அறையின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி குறையுங்கள். படுக்கையறையில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பலகைக்கு முன்னால் நிற்கும்போது பார்வையை நீங்கள் எழுதும் எண்ணில் வையுங்கள், எண்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளையில் வைக்காதீர்கள். முதல் சில வாரங்கள் இது போலித்தனமாகத் தோன்றும். பரவாயில்லை, காது இரைச்சலோடு பழகியதும் இப்படித்தானே.

இரவுத் தேடலை முழுதாக விடுங்கள். இதைப் பழகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனவர்கள் யாரும் இரவு 2 மணிக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதில்லை.

ஸ்கூட்டர்: பரிசோதனை முடியும்வரை இரவில் வேண்டாம். எதிரே வரும் விளக்கின் உருவம் கண்ணில் தங்கும்போது குறுக்கே வருபவர் தெரியாமல் போகலாம். அதன்பின் உங்கள் இரவுப் பார்வை எப்படி என்று மருத்துவரிடம் கேட்டே முடிவெடுங்கள். சொட்டு மருந்து விடும் நாளில் பகலிலும் ஓட்ட முடியாது. சில மணி நேரம் பக்கத்தில் இருப்பதெல்லாம் மங்கும், வெளிச்சம் குத்தும். கூட யாரையாவது அழைத்துப்போங்கள், கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். போய்விட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.