கூட்டா சேர்ந்து கட்டுற வீடு, கையெழுத்துக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

கேள்வி: நாங்க கிராமத்துல 11 வருஷமா வாடகை வீட்லதான் இருக்கோம். ரெண்டு பேரும் பண்ணை வேலை, வருமானம் சீசனுக்கு சீசன் மாறும். இப்போ ஒரு தொண்டு நிறுவனமும் அரசு வீட்டுக்கடன் துறையும் சேர்ந்து எட்டு குடும்பத்துக்கு வீடு கட்டப் போறாங்க. முன்பணம் வேணாமாம், வட்டி ரொம்ப கம்மியாம், ஆனா எட்டு வீட்டையும் நாங்க எல்லாரும் சேர்ந்து கட்டணும், வாரம் 30 மணி நேரம். என் கணவர் பயப்படுறார், இவ்ளோ எல்லாம் யாரு சும்மா குடுப்பாங்கன்னு. சேரலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. உங்க கணவர் கேட்டது சரியான கேள்வி, அவர் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சிடாதீங்க. யாரும் சும்மா குடுக்கல, இதுல பெரிய பங்கு போடப்போறது நீங்க ரெண்டு பேரும்தான், பணமா இல்லாம உழைப்பா போடுறீங்க, அவ்ளோதான்.

இந்த முறை புதுசு இல்ல. அமெரிக்கால 1960கள்ல கலிஃபோர்னியா சென்ட்ரல் வேலி பண்ணைத் தொழிலாளர் குடும்பங்க இப்படித்தான் கட்ட ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் அங்க விவசாயத்துறை கிராமப்புற வீட்டுக்கடன் குடுக்குது, உள்ளூர் தொண்டு நிறுவனம் ஆள் சேர்த்து, கொத்து வேலை தச்சு வேலை சொல்லிக்குடுத்து, மேற்பார்வை பாக்குது, குடும்பங்க கட்டுமான உழைப்புல 65 சதவீதமாவது தாங்களே செய்யணும். நாலுல இருந்து பத்து குடும்பம் வரைக்கும் ஒரு குழு. எல்லார் வீடும் முடியற வரைக்கும் ஒருத்தரும் குடிபோகக் கூடாது. இந்த கடைசி விதிதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா தன் வீடு முடிஞ்சதும் கிளம்பிப் போயிட்டா கடைசி வீட்டுக்காரங்க நடுத்தெருவுல நிப்பாங்க இல்லையா. கடன் 33 வருஷம், வருமானம் ரொம்ப கம்மின்னா 38 வருஷம் வரைக்கும் போகும், சலுகையோட சேர்த்தா வட்டி 1 சதவீதம் வரைக்கும் இறங்கும். ஏன் இவ்ளோ கம்மியா முடியுதுன்னா காண்ட்ராக்டர் கூலியும் லாபமும் போயிடுது, அந்த இடத்துல உங்க கை இருக்கு.

இப்போ அந்த 30 மணி நேரத்தை கொஞ்சம் உக்காந்து கணக்கு போடுங்க. 45 வாரம் ஆகுதுன்னு வைங்க, 1,350 மணி நேரம். அது உங்க குடும்பம் மொத்தத்துக்குமா, ஆளுக்கா, அண்ணன் தம்பி வந்து செஞ்சா கணக்குல ஏறுமான்னு முதல்ல கேளுங்க. அப்புறம் அந்த நேரத்துல நீங்க போயிருக்கக்கூடிய எக்ஸ்ட்ரா வேலையோட கூலி எவ்ளோ, அந்த வருஷம் பூரா குடுக்கப்போற வாடகை எவ்ளோ, இது ரெண்டும்தான் உங்க நிஜமான முன்பணம். முன்பணம் இல்லன்னு சொன்னது பொய்யில்ல, ஆனா இது எந்த பேப்பர்லயும் இருக்காது. என்கிட்ட வந்த ஒரு தம்பதி ஒரு பள்ளிக்கூட நோட்டுல தேதி, நேரம், என்ன வேலைன்னு தினமும் எழுதி வச்சிருந்தாங்க, சிமெண்ட் கை பட்டு பக்கமெல்லாம் சாம்பல் நிறமா இருந்துச்சு, அறுவடை சீசன்ல மூணு வாரம் முழுக்க காலி. அந்த மூணு வாரத்தை எப்படி ஈடு கட்டுறதுன்னு குழுவுல முன்னாடியே பேசி வச்சிருந்ததால சண்டை வரல. உங்களுக்கும் சீசன் வேலைங்கறதால இதை முதல் கூட்டத்துலயே பேசிடுங்க.

அடுத்தது, எனக்கு மனசு வலிக்கிற விஷயம். இதே மாதிரி கூட்டுல வீடு வாங்கின ஒருத்தர் ஒன்பது வருஷம் கழிச்சு விக்கப் போனார், அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஊர் மாறணும். விலை நல்லாவே ஏறியிருந்துச்சு. கடன் பாக்கியைக் கழிச்சு கையில எவ்ளோ வரும்னு சந்தோஷமா கணக்கு போட்டு வச்சிருந்தார், ஆனா செட்டில்மெண்ட் தாள்ல அவர் எதிர்பாக்காத இன்னொரு தொகையையும் கழிச்சிருந்தாங்க, சலுகை திரும்பப் பெறுதல்னு. அவர் கையெழுத்து போட்டதுதான், யாரும் ஏமாத்தல, ஆனா போடும்போது யாரும் வாய்விட்டு சொல்லவும் இல்ல. நான் மேல சொன்ன அமெரிக்க கடன்லயும் இது உண்டு, விக்கும்போது இதுவரைக்கும் கிடைச்ச வட்டிச் சலுகை, இல்லன்னா விலை ஏத்தத்துல ஒரு பங்கு, ரெண்டுல எது கம்மியோ அதைத் திருப்பிக் கட்டணும். எனக்கு இது நியாயமாத்தான் படுது, ஆனா நீங்க தெரிஞ்சு போடணும். அதனால வட்டி எத்தனை சதவீதம்னு கேக்குறதை விட நாளைக்கு நான் வித்தா, நான் செத்தா, வேற ஊருக்குப் போனா யார் யாருக்கு என்ன போகும்னு கேளுங்க, ரெண்டாவது அடமானம் ஏதாவது இருக்கா, திருப்பி வாங்குற முதல் உரிமை நிறுவனத்துக்கு இருக்கான்னும் கேளுங்க.

நிலம் யார் பேர்லன்னும் பாருங்க. சில கூட்டுல வீடு மட்டும் உங்களது, நிலம் ஒரு அறக்கட்டளைக்கு, நீண்டகால குத்தகை. அது கெட்டது இல்ல, விலை கைக்கு எட்டாம ஏறிடாம தடுக்கும். ஆனா அந்த நிலத்து மேல அறக்கட்டளை தனியா கடன் வாங்கியிருக்கான்னு பாக்கணும். 1969ல ஜார்ஜியா மாநிலத்துல கறுப்பின விவசாயிகளுக்காக நியூ கம்யூனிட்டிஸ்னு ஒரு நில அறக்கட்டளை தொடங்கினாங்க, ஆயிரக்கணக்கான ஏக்கர், வறட்சி வந்தப்போ அரசு அவசரக்கடன் நேரத்துக்கு கிடைக்கல, 1985ல நிலம் முழுசும் கடனுக்குப் போயிடுச்சு.

பத்திரத்துல உங்க பேரும் இருக்கணும் சகோதரி, இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். பங்களாதேஷ்ல கிராமீன் பேங்க் 1984ல இருந்து கிராமத்து ஏழைகளுக்கு வீட்டுக்கடன் குடுத்தப்போ நிலம் பெண்ணோட பேர்ல இருக்கணும்னு வச்சாங்க, குடும்பம் உடைஞ்சாலும் அவளை யாரும் வெளிய தள்ள முடியாதுல்ல. உங்க வீட்ல அப்படி எதுவும் வராது, இருந்தாலும் ரெண்டு பேரும் உழைக்குறீங்க, ரெண்டு பேரும் தவணை கட்டுறீங்க, ரெண்டு பேர் பேரும் வரட்டும்.

சேரலாமான்னா, எனக்கு சேரலாம்னுதான் தோணுது. 11 வருஷ வாடகைல உங்க கையில நின்னது ஒண்ணுமில்ல. ஆனா ரெண்டு விஷயம் தயாரா இருக்கணும். வேலை குறையுற மாசங்கள்ல தவணை கட்ட மூணு மாச தவணைப் பணம் தனியா எடுத்து வைங்க, அறுவடை கூலி வந்த அன்னிக்கே போட்டுடுங்க. வருமானம் விழுந்தா தவணையைக் குறைச்சுக் குடுப்பாங்களா, எழுதிக்குடுக்கணுமா, எத்தனை நாளுக்குள்ளன்னும் கடன் துறைகிட்டயே கேட்டு பதிலை எழுத்துல வாங்குங்க. வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர் இதெல்லாம் தவணைல சேர்ந்திருக்கான்னும் பாத்துக்குங்க, வாடகை வீட்ல ஓட்டை விழுந்தா ஓனர்கிட்ட சொல்லலாம், இனிமே ஓனர் நீங்கதான்.

கடன் ஒப்பந்தமும் குழு ஒப்பந்தமும் கைக்கு வந்ததும் ஒரு காப்பி அனுப்புங்க, கையெழுத்து நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியாவது வேணும். உங்க கணவரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு வரி வரியா சேர்ந்து படிப்போம்.