கொலை, மந்திரம், மாதவி: வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்மையில் மூன்று த்ரில்லர்களை அடுத்தடுத்துப் படித்தேன். மூன்றிலும் கடைசி இருபது பக்கத்தில் பெரிய திருப்பம். ஒன்றில், அதுவரை பெயரே வராத இரட்டைச் சகோதரிதான் கொலையாளி! முன்பே ஊகிக்க முடியாதது என் வாசிப்பின் குறையா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் குறை இல்லை, அம்மா. துப்பறியும் கதைகள் எழுதிய ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் பத்து விதிகள் வகுத்தார். இரட்டையரைக் கொண்டுவருவதானால் வாசகரை முன்பே தயார்செய்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ரகசிய வழி ஒன்றுக்குமேல் கூடாது, துப்பறிபவருக்குத் தற்செயல் கைகொடுக்கக் கூடாது என்பவையும் உண்டு. சில விதிகள் இன்று பழசாகிவிட்டன. இரட்டையர் விதி அப்படியே நிற்கிறது.

ஊகிக்க முடியாமல் போவது வேறு, ஊகிக்க வழியே இல்லாமல் போவது வேறு. முன்னது எழுத்தாளரின் திறமை, பின்னது அவருடைய சோம்பல். எது நடந்தது என்று தெரிய, முடித்த கையோடு கொலையாளி முதலில் தலைகாட்டும் பக்கத்துக்குத் திரும்புங்கள். அவர் வரும் இடங்களை மட்டும் படித்துக்கொண்டே வாருங்கள். அரை மணி நேரம் போதும். இரண்டு மூன்று இடத்திலாவது “அட, இங்கேயே இருந்ததே!” என்று தோன்ற வேண்டும்.

தேர்ந்த எழுத்தாளர் துப்பை ஒளிப்பதில்லை. கண்ணெதிரே போட்டுவிட்டு நம் கவனத்தை வேறு பக்கம் இழுப்பார். ஒரு பட்டியலின் நடுப்பகுதி அதற்குத் தோதான இடம். “மேசைமேல் செய்தித்தாள், பாதி குடித்த தேநீர், சில்லு நொறுங்கிய மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி, கிழிந்த லாட்டரிச் சீட்டு” என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மனத்தில் நிற்பது முதலும் கடைசியும்தான். அடுத்த வரியிலேயே தொலைபேசி அலறினால் கண்ணாடி அடியோடு மறந்துபோகும். 200 பக்கம் கழித்துத்தான் கேள்வி வரும்: கண்ணாடி நொறுங்கிய பிறகு அந்தப் பெரியவர் எப்படி உயிலைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்? குடிகாரர், குழந்தை, வம்பு பேசுபவர் என்று யாரும் நம்பாத ஆள் சொல்லும் உண்மையும் இதே வகை.

அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’ 1926இல் வந்தபோது, இது வாசகரை ஏமாற்றும் வேலை என்று சிலர் கொதித்தார்கள். முடிவு தெரிந்தபின் அதை இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்ட நாவல் என்பது அப்போதுதான் புரியும். அடுத்து அதைக் கையில் எடுங்கள். யார் சொல்லியும் முடிவை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 800 பக்க ஃபேன்டசி நாவல். வரைபடம், வம்சாவளி, பின்னிணைப்பு எல்லாம் இருக்கிறது. நூறாம் பக்கத்தில் வழிதவறிவிட்டேன். அதோடு, கடைசியில் நாயகன் மந்திரம் போட்டு ஜெயிப்பான் என்றால் படபடப்பு எங்கிருந்து வரும்?
- வாசகர், செங்காங்

பதில்: பின்னிணைப்பைத் தொடாதீர்கள். அது எழுதியவரின் குறிப்பேடு. முதல் 50 பக்கத்துக்கு வரைபடத்தில் கதை தொடங்கும் ஊர் தெரிந்தால் போதும். நூலகப் புத்தகம் என்றால் 21 நாள்தான் இருக்கிறது, நாளுக்கு 38 பக்கம். பெருவிரைவு ரயிலில் போகவர அதைப் படித்துவிடலாம், ஆனால் மூன்று நாள் இடைவெளி விட்டால் பெயர்கள் மறந்துவிடும். வழிதவறுவது பெரும்பாலும் அதனால்தான்.

பக்க அடையாளத் தாளில் மூன்று கேள்வி எழுதி வையுங்கள்: மந்திரம் என்ன செய்யும், எதைச் செய்யாது, செய்தவருக்கு என்ன போகும்? ஃபேன்டசி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாக்கினார். மந்திரம் வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அதைக்கொண்டு சிக்கலைத் தீர்க்கலாம் என்பது அவர் கட்சி. அவருடைய ‘மிஸ்ட்பார்ன்’ (2006) நாவலில் சிலர் உலோகத்தூளை விழுங்கி வயிற்றிலேயே எரித்துச் சக்தி பெறுகிறார்கள். எஃகை எரித்தால் எதிரே உள்ள உலோகத்தை நெட்டித் தள்ளலாம். தரையில் நாணயத்தைப் போட்டுத் தள்ளினால், நாணயம் நகர இடமில்லாததால் தள்ளியவர் மேலே எழும்புவார். தன்னைவிடக் கனமான இரும்பைத் தள்ளினால் தூக்கியெறியப்படுவதும் அவர்தான். தூள் தீர்ந்தால் சக்தியும் தீர்ந்தது. இவ்வளவும் நமக்குத் தெரிந்திருப்பதால், எதிரி நெருங்கும்போது கையிருப்பு எவ்வளவு என்று நாமும் கணக்குப் போடுகிறோம். நீங்கள் கேட்ட படபடப்பு அங்கேதான் பிறக்கிறது. மூன்றில் ஒரு பங்கு படித்த பிறகும் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால், அந்தப் புத்தகத்தைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: அசுரனை நல்லவனாகக் காட்டும் புராண நாவல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே?
- வாசகர், ஈசூன்

பதில்: நாயகனும் வில்லனும் இடம் மாறினார்களே தவிர, கதை மாறவில்லை. அதனால்தான் சலிக்கிறது. மூலத்தில் யார் பேசவில்லை என்று தேடிப்போகிற நாவல்களைப் படியுங்கள். அடுத்த பதிலில் ஒன்று இருக்கிறது.

கேள்வி: தொடக்கக்கல்லூரியில் படிக்கும் என் மகள், கிரேக்கப் புராணச் சூனியக்காரி தன் கதையைத் தானே சொல்லும் மேடலின் மில்லரின் ‘சர்சி’ நாவலைப் படித்துவிட்டுத் தமிழில் இப்படி உண்டா என்று கேட்கிறாள். என் மாமனாரோ புராணத்தை மாற்றி எழுதுவதே தப்பு என்கிறார்.
- வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: மாமனாரிடம் கம்பரைக் காட்டுங்கள். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரில் அவளைத் தொடாமல் குடிசையோடு நிலத்தைப் பெயர்த்து எடுக்கிறான். வில் ஒடிக்கும் முன்பே இருவரும் மிதிலையில் கண்ணால் கலந்ததும் கம்பர் செய்த மாற்றமே. மாற்றுவது நம் மரபுக்குப் புதிதல்ல.

மகளுக்கு எம்.வி. வெங்கட்ராமின் ‘நித்தியகன்னி’யைக் கொடுங்கள். மூலக்கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இருக்கிறது. என்ன தட்சிணை வேண்டும் என்று சீடன் காலவன் விடாப்பிடியாகக் கேட்க, ஒரு காது மட்டும் கறுத்த 800 வெள்ளைக் குதிரைகளைக் குருதட்சிணையாகக் கேட்கிறார் விசுவாமித்திரர். காலவன் யயாதி மன்னனிடம் போகிறான்; குதிரை இல்லாத யயாதி மகள் மாதவியைக் கொடுத்தனுப்புகிறான். மூன்று அரசர்கள் ஆளுக்கு 200 குதிரை தந்து, அவளிடம் ஆளுக்கொரு பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள். மீதி 200க்கு ஈடாக மாதவியையே ஏற்றுக்கொள்கிறார் விசுவாமித்திரர். ஒவ்வொரு பேறுக்குப் பின்னும் அவள் மறுபடி கன்னியாவாள் என்பது வரம். இந்தக் கதையை நாரதர் துரியோதனனுக்குச் சொல்வது, பிடிவாதம் கெடுதல் என்று காட்டுவதற்காக! அங்கே பாடம் காலவனின் பிடிவாதம். நான்கு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்தவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளை நடுவில் நிறுத்துகிறது நாவல். ‘சர்சி’ பிடித்தவருக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

அதற்கு முன் ஒரு மாலையில் முடிகிற புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தைத் தரலாம். சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அகலிகை என்ன ஆகிறாள் என்பதைக் கதையிலேயே படிக்கட்டும். நீளமாக வேண்டுமென்றால் மகாபாரதத்தை நாவல் வரிசையாகத் திருப்பிச் சொல்லும் ஜெயமோகனின் ‘வெண்முரசு’ இருக்கிறது. 2014 முதல் 2020 வரை எழுதப்பட்டது, 26 நாவல்கள். அம்பையும் பீஷ்மரும் வரும் ‘முதற்கனல்’தான் முதல் நாவல், அங்கிருந்தே தொடங்கட்டும். நான்காவதான ‘நீல’த்தைத் தனியாகவும் படிக்கலாம் என்றாலும் அதன் மொழி கவிதைக்கு நெருங்கியது. முதல் புத்தகமாக அதைக் கொடுத்தால் பத்துப் பக்கத்தில் களைத்துவிடுவார்.