இங்கே நாயர், அங்கே அண்ணாச்சி

(சின்னத்திரை குணச்சித்திர நடிகர் ஒருவர் மார்த்தாண்டத்திலிருந்து பதில் சொல்கிறார்)

கேள்வி: சுகுமாரி தமிழா, மலையாளமா? வீட்டில் பாட்டி ஒரு கட்சி, அப்பா ஒரு கட்சி.
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மலையாளக் குடும்பம், பிறந்தது 1940-இல், நாகர்கோவிலில். அன்று அது திருவிதாங்கூர். தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே, ‘ஓர் இரவு’ படத்தில் சின்னப் பெண்ணாக முகம் காட்டிவிட்டார். பத்மினியின் குழுவில் ஆடினார், சோ நாடகங்களில் நடித்தார், இயக்குநர் பீம்சிங்கை மணந்தார். உங்கள் அப்பாவுக்கு மலையாளப் படம் ‘போயிங் போயிங்’ (1985) சமையல்கார அம்மாயி ஒருத்தி போதும். பாட்டிக்கு நான் ஒரு துருப்புச்சீட்டு தருகிறேன்: சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதை எழுபது வயதில் அவர் வாங்கியது ‘நம்ம கிராமம்’ என்ற தமிழ்ப் படத்துக்கு. கதை நடப்பதோ உங்கள் பாலக்காட்டு அக்ரஹாரத்தில். சண்டை இன்னும் முற்றினால் நான் பொறுப்பில்லை.

கேள்வி: மகன் பி.காம். முடித்துவிட்டு சீரியலில் நடிக்கப் போகிறேன் என்கிறான். நம்ம ஊர்ப் பேச்சு தடையாகுமா?
– ஒரு வாசகர், களியக்காவிளை

தடையும் அதுதான், சோறும் அதுதான். சென்னையில் எனக்கு முதல் வசனம், “கொஞ்சம் தண்ணி கொடும்மா.” வாயில் வந்தது, “இத்திரி வெள்ளம் தா மோளே.” யூனிட்டே சிரித்தது. இயக்குநர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அடுத்த சீரியலில் நான் சாயாக்கடை நாயர். திருவனந்தபுரத்தில் கூப்பிட்டால் அங்கே நான் லாரி ஓட்டும் அண்ணாச்சி. நெற்றியில் பட்டை, பேச்சில் இல்லாத மதுரை. இந்தப் பக்கத்துக்காரனாகவே நடிக்க இருபது வருடத்தில் ஒரு வேடம்கூட வந்ததில்லை.

தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சீரியலில் வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் ஒருவர் வரிவரியாகச் சொல்வார். அதற்குப் பெயர் ப்ராம்ப்டிங். அதைக் காதில் வாங்கிக்கொண்டே, வாங்குகிற பாவனை முகத்தில் தெரியாமல், எதிரில் இருப்பவரோடு பேசவேண்டும். பையன் வீட்டில் ரேடியோ செய்தியைக் கேட்டபடியே உங்களோடு சண்டை போட்டுப் பார்க்கட்டும். அதுதான் பயிற்சி.

அப்புறம் சட்டை. சின்ன வேடக்காரர்கள் உடுப்பை நாமேதான் கொண்டுபோக வேண்டும். என் கடுகு நிறச் சட்டை ஒன்று இரண்டு வருடம் மஞ்சப்பையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் வந்து போனது. ஒரு காட்சியை இன்று பாதி, அடுத்த மாதம் மீதி எடுப்பார்கள். அதுவரை அதன் நிறம் மாறக்கூடாது, எனக்குத் தொப்பையும் போடக்கூடாது.

பணம்? ஒரு கம்பெனியில் மூன்று மாதப் பாக்கி. தயங்கித் தயங்கிக் கேட்டேன். அடுத்த வாரமே என் பாத்திரம் விபத்தில் காலி. சுவரில் படம் மாட்டி, சந்தன மாலை போட்டு, மருமகள் தினமும் அதன்முன் அழுதாள். அதே கடுகுச் சட்டைதான் படத்திலும். நான் எட்டு மாதம் அப்படித் தொங்கினேன். தொங்குகிறவனுக்குப் பேட்டா கிடையாது. பழைய பாக்கியும் இன்னும் வரவில்லை.

அதனால், முதலில் ஒரு வேலையில் சேரச் சொல்லுங்கள். டெல்லி கணேஷ் விமானப்படையில் வேலை பார்த்தவர். பாலசந்தரின் ‘பட்டினப்பிரவேசம்’ வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அப்பா, மாமா, கணக்குப்பிள்ளை வேடங்களுக்கு நரை ஒரு முதலீடு. கதாநாயகனுக்குத்தான் அவசரம்.

கேள்வி: நம்பியார் நிஜத்திலும் முரடரா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

வருடா வருடம் சபரிமலைக்குப் போன குருசாமி அவர். உங்கள் ஊர் வழியாகப் போகிற சாமிமார்களில் வயதானவர்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கேள்வி: உங்களிடம் யாராவது ஆட்டோகிராப் கேட்டதுண்டா?
– அதே வாசகர்

இல்லை. போன மாதம் குழித்துறை ஸ்டேஷனில் ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “நீங்க செத்துப் போயிட்டியல்லா?” ஆமாம் என்றேன். பெஞ்சில் இருந்த பலாப்பழத்தைக் கீழே இறக்கி வைத்து, உட்கார இடம் கொடுத்தார்.