புத்தக இணைப்புகளும் ஒரு வரி புக்மார்க்லெட்டும்

வணக்கம் சார்,

ஆறு வருடமாக வலைப்பூவில் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன். பதிவின் கீழே அமேசான் இணைப்பு கொடுப்பது வழக்கம். இப்போது அவர்களுடைய அஃபிலியேட் திட்டத்தில், அதாவது நம் இணைப்பு வழியாக யாராவது வாங்கினால் நமக்குத் தரகு தரும் திட்டத்தில், சேர்ந்திருக்கிறேன். என் வழியாக வந்தவர் என்று காட்டும் குறியீட்டை ஒவ்வொரு இணைப்பிலும் கையால் ஒட்டி மாளவில்லை. தானாகச் சேர்த்துவிடும் ஒரு எக்ஸ்டென்ஷனை (உலாவியில் சேர்க்கும் சிறு நிரல்) நண்பர் சொன்னார். போடலாமா? வாசகர்களை வைத்துக் காசு பார்ப்பதாகிவிடுமோ என்ற உறுத்தலும் இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

எக்ஸ்டென்ஷன் வேண்டாம். அந்த மாதிரி எக்ஸ்டென்ஷன்களில் பல, நீங்கள் திறக்கும் எல்லாத் தளங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். அதில் உங்கள் வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் அடக்கம். இன்று அதை எழுதியவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை வேறு யாருக்காவது விற்றுவிட்டால், புதிய அப்டேட் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூப்பன் தேடித் தரும் ஹனி எக்ஸ்டென்ஷன், பணம் கட்டும் நேரத்தில் மற்றவர்களின் குறியீட்டை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது என்று 2024 கடைசியில் பெரிய புகார் கிளம்பியது. 2025 மார்ச்சில் கூகுளும் குரோம் எக்ஸ்டென்ஷன்களுக்கான அஃபிலியேட் விதிகளை இறுக்கியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. திறக்கிற பக்கத்திலெல்லாம் குறியீடு தானாக ஒட்டிக்கொண்டால், நீங்கள் வீட்டுக்கு வாங்கும் மிக்ஸியும் உங்கள் கணக்கில்தான் போகும். சொந்தக் குறியீட்டில் தனக்கே வாங்குவதை அந்தத் திட்டம் அனுமதிப்பதில்லை.

உங்களுக்கு வேண்டியது ஒரு புக்மார்க்லெட். புக்மார்க்கில் தள முகவரி இருக்கும் இடத்தில் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட், அதாவது உலாவியில் ஓடும் நிரல், இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் சொடுக்கினால் மட்டும், அப்போது திறந்திருக்கும் பக்கத்தில் மட்டும் ஓடும். மற்ற நேரத்தில் சும்மா கிடக்கும்.

அமேசானில் ஒரு புத்தகத்தின் முகவரியைப் பாருங்கள். 'டிபி' என்ற இரண்டு எழுத்துக்கும் சாய்கோட்டுக்கும் அடுத்து பத்து எழுத்து இருக்கும். அச்சுப் புத்தகமென்றால் பெரும்பாலும் அது பத்து இலக்க ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண்தான். அதற்குப் பிறகு நீளமாக வருவதெல்லாம் நீங்கள் எப்படித் தேடினீர்கள் என்பது போன்ற குப்பை. அந்தப் பத்தை மட்டும் எடுத்து, முன்னால் கடையின் முகவரியும் அதே 'டிபி'யும், பின்னால் 'டேக்' என்று போட்டு உங்கள் குறியீடு. இப்படி ஒரு சுத்தமான இணைப்பை உருவாக்கிச் சின்னப் பெட்டியில் காட்டினால் போதும், நகலெடுத்துப் பதிவில் ஒட்டிவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த கல்லூரிப் பிள்ளை யாராவது பத்து நிமிடத்தில் எழுதித் தந்துவிடுவார். அமேசானே பக்கத்தின் மேலே தரும் சைட்ஸ்ட்ரைப் பட்டையும் இதைச் செய்யும். ஆனால் அதில் கிடைக்கும் சுருக்க இணைப்பு எனக்குப் பிடிப்பதில்லை. எங்கே போகிறோம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.

குறியீட்டை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். நான் ஒரு எழுத்தைத் தவறாக அடித்துப் பல மாதம் அப்படியே விட்டிருந்தேன். இணைப்பு ஒழுங்காகத் திறந்ததால் தவறு தெரியவே இல்லை. இந்தியக் கடைக்கான குறியீடு 21 என்று முடியும். அமெரிக்கக் கடைக்குத் தனியாகப் பதிய வேண்டும், அது 20 என்று முடியும். பழைய பதிவுகளை ஒரே நாளில் மாற்ற உட்காராதீர்கள். அதிகம் படிக்கப்படும் பத்துப் பதிவிலிருந்து ஆரம்பியுங்கள்.

அப்புறம் அந்த உறுத்தல். வாசகருக்கு விலை ஒரு ரூபாய்கூட ஏறாது, அதனால் நீங்கள் பணம் பெறுவதில் தவறில்லை. அதைச் சொல்லாமல் பெறுவதுதான் தவறு. 'இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குச் சிறு தரகு கிடைக்கும்' என்று இணைப்புக்கு மேலேயே எழுதுங்கள், பக்கத்தின் அடியில் ஒளிக்க வேண்டாம். இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பது அமேசானின் நிபந்தனையும்கூட. பதிப்பகம் நேரடியாக விற்கிறது என்றால் அந்த இணைப்பை முதலில் கொடுங்கள். அதில் உங்களுக்குத் தரகு வராதுதான், ஆனால் நம் சிறு பதிப்பகங்களுக்குக் கையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அந்த ஒரு வரி தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.